அரைப்பேர்



இன்றைய பெண்களும் சிறுமியரும் எதிர்நோக்கும் சமூக, அரசியல் சவால்கள் என்பது இந்த உரைக்குரிய பொருள். மிகப் பரந்த பொருள். உலகம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். அப்படிச் சுற்றி வந்தால் எந்த ஒரு பெண்ணின் முகமும் நமக்குத் தெரியாமற் போய்விடும். ஆகவே நமது நாட்டின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று விரிந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெண்ணைப் பற்றியே பேச எண்ணுகிறேன். இது இலக்கியத் தொடர் என்பதால், அவளைப் பற்றி எழுந்த இலக்கியத்தையும் கூடவே வைத்துப் பார்ப்போம்.

தோட்டத்துப் பேச்சில் பேர் என்று ஒரு சொல் உண்டு. ஒரு நாள் வேலை செய்ததற்குச் செக்ரோலில் விழும் பதிவுக்குத்தான் பேர் என்று பெயர். இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்று கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்பது பொருள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்கத் தவறியவளுக்கு முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். காலையில் பிரட்டுக்குப் போய், பகல் முழுவதும் மலையில் நின்று, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, மாலையில் கூடையை இறக்கினாலும், தராசு குறைத்துச் சொல்லிவிட்டால் அன்று அவள் அரை ஆள். பேர் என்ற சொல்லுக்கு நம் மொழியில் உள்ள மற்றப் பொருள்களையும் நினைத்துப் பாருங்கள். பெயர், மதிப்பு, ஆள் என்பன எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். மலையகப் பெண்ணுக்கு இந்த நாட்டின் வரலாற்றில் விழுந்தது பெரும்பாலும் அரைப்பேர்தான் என்பதே இன்று நான் சொல்ல வந்த விடயம்.

முதலில் அவள் இங்கே எப்படி வந்தாள் என்பதைச் சிறிது பார்ப்போம். 1820களில் கோப்பிச் செய்கை தொடங்கியபோது தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களிற் பெரும்பான்மையினர் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலையோ கோப்பியைப் போன்றதல்ல. ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடியில் மீண்டும் கை வைத்தாக வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அதுவும் குறைந்த கூலிக்கு வேண்டும். அதற்காகவே பெண்களும் பிள்ளைகளும் குடும்பத்தோடு கொண்டுவரப்பட்டார்கள். லயன்கள் நிரந்தரக் குடியிருப்பாயின. தேயிலைப் பொருளாதாரம் பெண்ணின் விரல்களை நம்பியே எழுந்தது என்று சொன்னால் அது கவிதைக்காகச் சொல்லும் வார்த்தை ஆகாது. இன்றும் பெருந்தோட்டத் தொழிலாளரிற் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்களே.

அவ்வாறு நம்பியிருந்த கைகளுக்குக் கொடுத்த விலை என்ன? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, உயர்ந்த மலைப்பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விதிக்கப்பட்டது. பெண்ணின் உழைப்பு குறைந்தது என்று சட்டமே எழுதி வைத்தது. அந்த வேறுபாடு நீங்கிச் சம சம்பளம் வருவதற்கு 1984ஆம் ஆண்டு வரை, அந்த ஆண்டு மலையகம் முழுவதும் நடந்த பெரும் வேலைநிறுத்தம் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு பெண் பத்து வயதிற் பேர் பதிந்து, அறுபத்தைந்து வயதில் தள்ளாடும் வரை உள்ள காலம் அது.

சம சம்பளம் வந்துவிட்டதே, பிறகென்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு நாளின் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக் குத்துதல் போன்ற ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் அளந்து கொடுக்கும் வேலைகள். அளவு முடிந்தால் நண்பகலோடு வீடு திரும்பலாம். கொழுந்து எடுப்பவள் மாலை நிறுவை முடியும் வரை மலையிலேயே நிற்க வேண்டும். அவள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு வந்தவள். மாலை திரும்பிய பின்னும் விறகு, தண்ணீர், சமையல் என்று இரவு வரை வேலை. சம்பளம் ஒன்றானது, நாள் ஒன்றாகவில்லை.

இன்னொன்றும் உண்டு. மனைவியின் சம்பளத்தைக் கணவனும், மகளின் சம்பளத்தைத் தகப்பனும் சம்பள மேசையிற் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாகப் பல தோட்டங்களில் இருந்து வந்தது. கொழுந்து எடுத்தவள் ஒருத்தி, நிறுத்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், பணத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டவர் இன்னொருவர். இந்த வரிசையில் முதலாமிடத்தைத் தவிர வேறெங்கும் பெண் இல்லை. அவளை வாட்டும் துன்பங்கள் பல. அவற்றுட் பலவற்றைத் தொட்டுத் தொட்டுப் போனால் இறுதியில் இந்த ஒரு புள்ளியில் வந்து நிற்கின்றன. உழைப்பு அவளுடையது, கணக்கு அவளுடையதல்ல.

இந்தக் கணக்கை நமது இலக்கியம் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்ப்போம்.

கடல் கடந்து தோட்டங்களில் வாடும் தமிழ்ப் பெண்களுக்காக முதலிற் கண்ணீர் விட்ட பெருங்கவி பாரதி. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களைப் பற்றி அவன் பாடிய பாடலை அறியாதவர் இல்லை. அதன் பின் 1935இல் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருதி என்ற பெண்ணின் கதை அது. தோட்டத்தில் ஒரு ஏழைப் பெண்ணின் உடல் எவ்வாறு பிறர் சொத்தாகிவிடுகிறது என்பதைக் கூசாமல் எழுதிய கதை. இவை இரண்டும் உயர்ந்த படைப்புகள். ஆனால் வெளியிலிருந்து நீண்ட இரக்கத்தின் கைகள். அந்தப் பெண் என்ன நினைத்தாள், எதைக் கேட்டாள் என்று அறிய மலைக்குள் வர வேண்டும்.

மலைக்குள்ளே பெண்கள் பேசாமல் இருக்கவில்லை. தாலாட்டாகவும், ஒப்பாரியாகவும், நிரையில் நின்று பாடும் பாட்டாகவும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் அவர்கள் பாடித் தீர்த்தார்கள். அவற்றைத் தேடித் தொகுத்துத் தந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற தொழிற்சங்கவாதி. ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய கவிஞர். அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படிக்கும்போது, எழுதத் தெரியாத பெண்கள் எவ்வளவு கூர்மையாகக் கணக்கு வைத்திருந்தார்கள் என்பது விளங்கும். யார் நிறையைக் குறைத்தான், யார் பேரைக் கெடுத்தான் என்பதெல்லாம் பாட்டிலே பதிவாகியிருக்கிறது. செக்ரோல் துரையின் கந்தோரில் இருந்தது. அவளுடைய செக்ரோல் பாட்டில் இருந்தது.

அந்தப் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்த பெண் ஒருவரை இங்கே நன்றியோடு நினைவுகூர வேண்டும். அவர் மீனாட்சியம்மாள். மலையகத்தில் தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்த கோ. நடேசய்யரின் துணைவியார். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, தோட்டத்துக்குள் கூட்டம் போட இடமில்லை. வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. அந்த நிலையில் மக்கள் அறிந்த மெட்டுகளில் உரிமைப் பாடல்களை இயற்றி, தாமே பாடி, கேட்டவர்களைக் கூட்டமாக்கினார் மீனாட்சியம்மாள். பத்திரிகைப் பணியிலும் கணவரோடு தோள் கொடுத்தார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. பெண் பொதுமேடை ஏறுவதே புதுமையாக இருந்த காலத்தில், அரசியலைப் பாட்டாக்கித் தொழிலாளர் மத்தியில் நின்று பாடிய துணிவு சாதாரணமானதன்று. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததிற் பெரும்பகுதி சாரல்நாடன், அந்தனி ஜீவா போன்ற மலையக எழுத்தாளர்களின் தேடலினாற் கிடைத்தது. அவர்கள் தேடியிராவிட்டால், நடேசய்யரின் மனைவி என்ற ஒரு வரியோடு அவர் பெயரும் நின்றிருக்கும். அதுவும் ஓர் அரைப்பேர்தான்.

இனி அரசியலுக்கு வருவோம். 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலேயே முன்னோடியாக, 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு. தோட்ட மக்களுக்கு நிபந்தனைகள் பல இருந்த போதிலும், 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். மறு ஆண்டே, 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. மலையகப் பெண்ணின் கையிலிருந்து வாக்குச் சீட்டு போனது மட்டுமல்ல, அவள் எந்த நாட்டவள் என்ற கேள்விக்கே விடையில்லாமற் போயிற்று.

1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி, நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டார்கள். அந்த உடன்பாட்டிற் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் உலகின் முதற் பெண் பிரதமர் என்பதை வரலாறு நமக்குச் சொல்லும் ஒரு பாடமாகக் கொள்ள வேண்டும். பெண் ஒருவர் உச்சியில் அமர்வதால் மட்டும் அடிவாரத்துப் பெண்ணுக்கு விடிவு வந்துவிடுவதில்லை. தாய் ஒரு நாடு, மகள் ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாருக்கு ரயில் ஏறிய கதையை மலையகச் சிறுகதைகள் நிறையவே சொல்லியிருக்கின்றன. எஞ்சியிருந்தவர்களின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் என்ற கணக்கு மறுபடியும் வருவதைக் கவனியுங்கள்.

இந்த இருண்ட இடைக்காலத்தில் எழுந்த ஒரு சிறுகதையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. 1960களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதே பெயரில் அவருடைய தொகுதி 1980இல் நூலாயிற்று. ஒரு பெண் வழக்கத்தை மீறி அதிகக் கொழுந்து எடுத்துவிடுகிறாள். பாராட்டுவதற்குப் பதில் சந்தேகம் எழுகிறது. ஒரு பெண் கையால் இவ்வளவு எடுத்திருக்க முடியுமா, எவன் உதவினான் என்று பேச்சு எழுகிறது. அவளுடைய திறமை அவளுடைய நடத்தை பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. ஊர் பார்க்கத் தன் கைத்திறனை மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய நிலைக்கு அவள் ஆளாகிறாள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முந்திய இந்தக் கதையை இன்று படித்தாலும் புதிதாக இருக்கிறது. குறைவாக எடுத்தால் அரைப்பேர். நிறைய எடுத்தால் கெட்ட பேர். கந்தோரிலோ, பாடசாலையிலோ, அரசியலிலோ முன்னுக்கு வரும் எந்தப் பெண்ணுக்கும் இதே சோதனை இன்றும் காத்திருக்கிறது அல்லவா?

இராமையாவின் காலத்திலேயே, 1964இல், கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவல் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஒரு பெண் நாவலாக எழுதியது பெரும் நிகழ்ச்சி. பின்னர் அந்தனி ஜீவா மலையகப் பெண்களின் சிறுகதைகளைக் 'குறிஞ்சி மலர்கள்' என்றும், கவிதைகளைக் 'குறிஞ்சிக் குயில்கள்' என்றும் தொகுத்தார். கணக்கைத் தானே எழுதும் பேனா மெல்ல மெல்ல அவள் கைக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இவை சான்று.

பேனா வந்தது; ஒலிவாங்கி வந்ததா? தொழிற்சங்கங்களைப் பாருங்கள். சந்தா கட்டுபவர்களிற் பெரும்பான்மையோர் பெண்கள். தோட்டக் கமிட்டியில் மாதர் தலைவி என்று ஒரு பதவியும் உண்டு. கூட்டத்துக்குப் பெண்களை அழைத்து வருவதும், வந்த தலைவருக்கு மாலை போடுவதும் அவளுடைய வேலையாக முடிந்துவிடுவதுண்டு. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி ஆணுக்கு. செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற மேனகா கந்தசாமி போன்றோர் விதிவிலக்குகள். விதி இன்னும் மாறவில்லை.

பெண்கள் தாமாகவே பேச முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, நம்மைப் போன்றே தேயிலையும் தமிழும் உள்ள ஓர் இடத்தைச் சொல்லலாம். கேரளத்தின் மூணாறு. அங்கும் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டெம்பரில் போனஸ் பத்து வீதமாகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் வீதியில் அமர்ந்தார்கள். பெரிய தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களைக் கிட்ட வரவிடவில்லை. எங்களுக்காக நாங்களே பேசுவோம் என்று நின்றார்கள். பெம்பிளை ஒருமை என்பது அவர்கள் தமக்கு இட்ட பெயர். ஒன்பது நாட்களில் இருபது வீதம் கிடைத்தது. அதன் பின் 232 ரூபாவாக இருந்த நாட்கூலியும் 301 ஆக உயர்ந்தது. அவர்களுள் ஒருவரான கோமதி அந்த ஆண்டே உள்ளூராட்சித் தேர்தலில் வென்றார். அந்த அமைப்பு பிறகு பிளவுபட்டுத் தளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கட்சிகளும் சங்கங்களும் அதைத் தாங்கிக்கொள்ளவில்லை, அனுபவமின்மையும் இருந்தது. ஆயினும், கணக்கைத் தாங்களே பார்க்க முடியும் என்பதை அந்த ஒன்பது நாட்கள் காட்டிவிட்டன.

இனிச் சிறுமியரைப் பற்றிப் பேச வேண்டும். இதைப் பேசாவிட்டால் இந்த உரைக்கு அர்த்தமில்லை.

2009 ஆகஸ்டில், மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த இரண்டு சிறுமியரின் உடல்கள் கொழும்பில் ஒரு கால்வாயில் மிதந்தன. 2021 ஜூலையில், டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, தான் வேலைக்கு நின்ற கொழும்பு வீட்டில் தீக்காயமுற்று, தேசிய வைத்தியசாலையில் உயிரிழந்தாள். மலையகம் எங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன; பத்திரிகைகள் எழுதின. பதாகைகள் கழற்றப்பட்ட பின்னும் தரகரின் வருகை நிற்கவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆனால் தோட்டத்திலிருந்து மேல் வகுப்புள்ள பாடசாலைக்கு எத்தனை மைல்? மழை நாளில் அந்தப் பாதையிற் பேருந்து வருமா? கடைக்காரனிடம் எழுதிய கடன் எவ்வளவு? தாய் கொழுந்துக்குப் போனால் சிறிய பிள்ளையைப் பார்ப்பது யார்? இந்தக் கேள்விகளுக்கான விடைகளே ஒரு சிறுமி பாடசாலையில் இருப்பாளா, பிறர் வீட்டுச் சமையலறையில் இருப்பாளா என்பதைத் தீர்மானிக்கின்றன. படிப்பை நிறுத்த வேண்டி வந்தால் முதலில் நிற்பவள் மூத்த பெண்பிள்ளை. வீட்டில் ஒரு வயிறு குறையட்டும், மாதம் ஒரு தொகை வரட்டும் என்று அனுப்புகிறார்கள். அந்தத் தொகையும் அவள் கையில் வருவதில்லை. தரகர் வழியாகத் தகப்பனுக்குப் போகிறது. பாட்டி காலத்துச் சம்பள மேசை பேத்தி காலத்தில் கொழும்புக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெற்றோரைக் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் தப்பிக்கொள்ளக் கூடாது. அந்தச் சிறுமி சமைத்த சோற்றை உண்டவர்கள், அவள் விளக்கிய பாத்திரத்தில் தேநீர் அருந்தியவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களிற் படித்தவர்களும் உண்டு. இலக்கியம் பேசுபவர்களும் உண்டு. மலையகப் பெண்ணின் துயரைக் கதையில் வாசித்து உருகிவிட்டு, வீட்டு வேலைக்குத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கிடைக்குமா என்று தெரிந்தவரிடம் சொல்லி வைப்பது எவ்வளவு பெரிய முரண்!

லயத்துக்குள்ளே நடக்கும் வன்முறையையும் மறைப்பதற்கில்லை. சம்பள நாளில் தவறணைக்குப் போய் வரும் கணவனிடம் அடி வாங்குவதைத் தலைவிதி என்று எண்ணும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். குடும்ப வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005இல் வந்தது. ஆனால் அடிபட்ட பெண் பொலிஸ் நிலையம் போனால், அவள் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இல்லாத நிலையங்கள் மலைநாட்டில் உண்டு. தெரியாத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டுக்குக் கீழே அவள் கையொப்பம் வைக்கிறாள். இங்கேயும் எழுதுவது இன்னொரு கை.

ஒரு மறுப்பையும் எடுத்துக்கொள்வோம். தோட்டத்து ஆணும் ஏழைதானே, அவனும் கம்பனியிடம் அடிபடுபவன்தானே, ஒற்றுமையாகப் போராட வேண்டிய மக்களை ஆண், பெண் என்று ஏன் பிரிக்கிறீர்கள் என்று நல்ல எண்ணம் கொண்டவர்களே கேட்பதுண்டு. இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆணும் சுரண்டப்பட்டவனே. ஆனால் ஒற்றுமை என்பது ஒருத்தி மௌனமாக இருப்பதால் கிடைப்பதன்று. 1984இல் பெண்ணுக்குச் சம சம்பளம் வந்ததால் எந்த ஆணின் சம்பளமும் குறைந்துவிடவில்லை. குடும்பத்தின் வருமானமே உயர்ந்தது. பெண்ணின் கணக்கு நேரானால் வீட்டின் கணக்கும் நேராகும்.

மாற்றங்கள் வராமலும் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு இருபத்தைந்து வீதம் என்ற ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்து, தோட்டத்துப் பெண்கள் பிரதேச சபைகளுக்குள் நுழைந்தார்கள். 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். மக்கள் தெரிவு செய்து அங்கே அமர்ந்த முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் அவர்கள். இந்த மக்களின் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்தது. இருநூறு ஆண்டு கழித்துக் கிடைத்த ஆசனங்கள் இவை.

சம்பளமும் எண்ணிக்கையில் உயர்ந்திருக்கிறது. 2021இல் 1,000 ரூபா. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. ஆனால் 2021இல் ஆயிரம் வந்தபோது, ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையும் பல தோட்டங்களில் ஏறிவிட்டது என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். காடு மண்டிய மலையில், உரம் காணாத செடியில், பதினெட்டுக் கிலோவும் இருபது கிலோவும் எங்கிருந்து வரும்? வராவிட்டால் அரைப்பேர். சம்பளத்தை வர்த்தமானியில் உயர்த்தி, தராசில் இறக்கிவிடலாம். அதனாலேதான் தராசின் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது அற்ப விடயமன்று.

ஆகவே என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களைச் சொல்ல நான் வல்லவரல்லேன். கண்ணுக்கு எட்டிய சிலவற்றைச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில், எழுதப்படிக்கத் தெரிந்த, தொழிலாளர்களே தெரிவு செய்த ஒரு பெண் நிற்கட்டும். நிறையையும் கழிவையும் அவளும் குறித்துக்கொள்ளட்டும். இது எவருக்கும் செலவு வைக்காது. தோட்ட மக்களுக்குக் காணியும் வீடும் வழங்கும்போது உறுதியில் மனைவியின் பெயரும் சேரட்டும். அவள் உழைத்த மண்ணில் ஏழு பேர்ச்சுக்காவது அவள் முழுப்பேரோடு உரிமைக்காரியாகட்டும். க.பொ.த. சாதாரண தரம் வரை ஒரு பெண்பிள்ளையும் பாடசாலையை விட்டு விலகாதிருக்க ஒவ்வொரு தோட்டத்திலும் ஆசிரியர்களும் தாய்மாரும் சேர்ந்து கண்காணிக்கட்டும். வரவுப் பதிவேட்டில் ஒரு வாரம் பேர் விழாத சிறுமியைத் தேடி அவள் லயத்துக்கு யாராவது ஒருவர் போனால் போதும். தரகர் வருமுன் ஆசிரியர் வந்துவிட்டார் என்றாகும்.

எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூடை சுமந்து சிரிக்கும் அழகியாகச் சுற்றுலா விளம்பரம் அவளைப் படம் பிடிக்கிறது. தேயிலைக்கு உரமான தியாகி என்று நமது கவிதைகள் அவளைப் பாடுகின்றன. இரண்டிலும் அவள் வாய் திறப்பதில்லை. அழகியுமல்லாத, தியாகியுமல்லாத, கடன் கணக்குப் பார்க்கிற, கோபப்படுகிற, பிள்ளையின் பரீட்சையை நினைத்து இரவில் விழித்திருக்கிற ஒரு மனுஷியை எழுதுங்கள். அதைவிட மேலாக, அவளுடைய மகளை எழுதவிடுங்கள். இன்று தோட்டத்து லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசிரியைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் பாடிய பாட்டுகள், அவர்களுடைய தாய்மாருக்கு நடந்த நிறுவைகள் எல்லாம் இன்னும் எழுதப்படாமல் கிடக்கின்றன. கேட்டு எழுதிக்கொள்ள இப்போதே உட்கார வேண்டும், பாட்டிமாருக்கு வயதாகிறது.

இந்த உரையைத் தோட்டத்து வீடொன்றில் வானொலிக்குப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. ஒரு கொப்பியை எடுத்து, முதற் பக்கத்தில் உங்கள் பெயரை முழுமையாக எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் உங்கள் அம்மாவின் பெயரை எழுதி, இந்த மாதம் அவர் எத்தனை நாள் மலைக்குப் போனார், எத்தனை கிலோ எடுத்தார், எத்தனை பேர் விழுந்தது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லும்போது கூடவே ஒரு கதையும் சொல்வார். அதையும் விடாமல் எழுதி வையுங்கள்.